ஒரே ஆம்ப், மேடையில் பல டோன்: பேஸ் கிட்டார் கேள்வி பதில்

ஈரோடு, கோவை, திருப்பூர்ப் பக்கம் கச்சேரிகளில் பேஸ் வாசிக்கிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோபியிலிருந்து: அண்ணா, எங்ககிட்ட 100 வாட்ஸ் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கறது) ஒண்ணுதானுங்க. ஒரே கச்சேரியில் எண்பதுகளின் மெலடி, குத்துப்பாட்டு, ராக் எல்லாம் வரும். டோனை எப்படி மாத்துறது?

தம்பி, பாட்டுக்குப் பாட்டு ஆம்பைத் திருகாதே. நாலாவது பாட்டில் எதை எங்கே வைத்திருந்தாய் என்பதே மறந்துவிடும். ஆம்பில் பேஸ் (கீழ்ச்சத்தம்), மிட் (நடுச்சத்தம்), டிரபிள் (மேல்சத்தம்) குமிழ்கள் மூன்றையும் நடுவில் வைத்து, ஒரு நல்ல அடிப்படை டோனைப் பிடித்துக்கொள். மீதி உன் கையில் இருக்கிறது. ஃபிரெட் பலகை முடிகிற இடத்தில் விரலால் மீட்டினால் சத்தம் உருண்டு வரும், மெலடிக்கு அதுதான். தந்திகள் முடிகிற பிரிட்ஜ் பக்கம் நகர்ந்தால் சத்தம் இறுகி, ஒவ்வொரு சுரமும் தனியாகத் தெரியும். குத்துப்பாட்டுக்கு அதை வைத்துக்கொள். ராக்குக்கு பிக், அதாவது தந்தி மீட்டும் சின்னத் தகடு. இன்னொன்றும் செய்து பார்: வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜை ஒட்டித் தந்தி மேல் லேசாகப் பதித்து, கட்டைவிரலால் மீட்டு. ‘தும், தும்’ என்று அடங்கி விழும். பழைய பாட்டுகளுக்கு அவ்வளவு பொருத்தம். கிட்டாரிலேயே இருக்கும் டோன் குமிழைப் பாதி குறைத்தால் அது இன்னும் கனியும். இத்தனைக்கும் ஆம்பைத் தொடவே இல்லை, பார்.

தாராபுரத்திலிருந்து: மாரியம்மன் நோம்பிக் கச்சேரியில் உருமி, தவில் கூட வாசிக்கிறோமுங்க. பேஸை எவ்வளவு கூட்டினாலும் கேட்கறதில்லை.

கூட்டுவதுதான் சிக்கலே. நாலு தந்தி பேஸில் அடி ‘இ’ தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். அந்தக் கீழ்ப்பகுதியில் தோல் கருவிகளும் கிக் டிரம்மும் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே போய் முட்டாமல் 700, 800 ஹெர்ட்ஸ் பக்கம் மிட்டைக் கொஞ்சம் ஏற்றுங்கள், 200-ஐ ஒட்டிக் கொஞ்சம் இறக்குங்கள். சுரத்தை நீட்டாமல் இடது கையைத் தளர்த்திச் சீக்கிரம் நிறுத்துங்கள். எதிரொலிக்கிற கல்யாண மண்டபத்திலும் இதே வைத்தியம்தான்.

பொள்ளாச்சியிலிருந்து: வீட்டில் அருமையாகக் கேட்ட டோன் மேடையில் குழம்பிப் போகுதே, ஏனுங்க?

சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்குக் கீழ்ச்சுரம் மந்தமாகத்தான் கேட்கும். பிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1933-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். வீட்டில் அந்தக் குறையை ஈடுகட்ட பேஸைக் கூட்டுவோம். மேடைச் சத்தத்தில் அது அதிகமாகிவிடும். டோனை மேடைச் சத்தத்திலேயே, கூட வாசிப்பவர்கள் வாசிக்கும்போதே அமையுங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் கரகரவென்றிருக்கும் டோன்தான் கூட்டத்தில் துலங்கும். ஆம்பைத் தரையில் வைத்துச் சுவரோடு ஒட்டினாலும் பேஸ் தானாக ஏறும். ஒரு நாற்காலி மேல் ஏற்றி, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள்.

கோவையிலிருந்து: ஆம்பெக் எஸ்விடி சத்தம் வேணும்னா?

1969-இல் வந்த 300 வாட்ஸ் வால்வ் ஆம்ப் அது. எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் பெட்டியோடு அதை ஊர் ஊராகத் தூக்க முடியாது. அந்தச் சாயலில் ஒரு பிரீஆம்ப் பெடல் (ஆம்புக்கு முன்னால் டோனை அமைக்கும், காலால் மிதிக்கும் பெட்டி) போதும். ஆனால் ‘பிளெண்ட்’ குமிழ் உள்ளதாகப் பாருங்கள். டிரைவ், அதாவது கரகரப்பு, ஏற ஏற அடிச்சத்தம் மெலிந்துபோகும். சுத்தமான சிக்னலைக் கலந்துகொண்டால்தான் கனம் நிற்கும். பெடலை மிதித்தாலும் எடுத்தாலும் சத்தத்தின் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று கச்சேரிக்கு முன்பே சரிபாருங்கள்.

பெருந்துறையிலிருந்து: டோன் மாற்றுவது எனக்குக் கேட்குது, ஜனங்களுக்குக் கேட்கலைங்கறாங்க.

ஆம்பிலிருந்து மிக்ஸருக்கு நேராக சிக்னல் அனுப்பும் டிஐ அவுட்டில் ‘பிரீ’ என்று இருந்தால் ஈக்யூவுக்கு (பேஸ், மிட், டிரபிள் குமிழ்களுக்கு) முந்தைய சத்தம்தான் மிக்ஸருக்குப் போகும். ‘போஸ்ட்’ ஆக்குங்கள். அதற்கப்புறம் நடுவில் ஆம்பைத் திருகினால் மைக்செட்காரர் வைத்த கணக்கு கலைந்துவிடும், அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கரூரிலிருந்து: ஜெனரேட்டர் போட்டால் ‘ம்ம்’ என்று இரைச்சல் வருதுங்க. பிளக்கில் எர்த் பின்னைக் கழட்டிடலாமா?

கூடவே கூடாது. தந்தியைத் தொட்டபடி வாய் மைக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. டிஐ பெட்டியில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ சுவிட்ச் இருக்கும், அதைத் தட்டிப் பாருங்கள். ஆம்ப், மிக்ஸர் இரண்டுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுப்பதும் உதவும்.

திருப்பூரிலிருந்து: என்னோடது பேட்டரி போடுற ஆக்டிவ் பேஸ். பாதிக் கச்சேரியில் சத்தம் உடைந்து கரகரக்குது.

முதலில் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பாருங்க. கேபிள் செருகியிருக்கும் வரை அது தீர்ந்துகொண்டே இருக்கும். வாசிக்காத நேரத்தில் கேபிளைக் கிட்டாரிலிருந்து உருவி வையுங்க.