எட்டு மதிப்பெண் கட்டுரை: கேள்விகளுக்குத் தமிழாசிரியர் பதில்

பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பொதுத்தேர்வின் கடைசிப் பகுதியில் வரும் பொதுக்கட்டுரையைப் பற்றி மாணவர்களும் பெற்றோரும் கேட்டவை இவை. பதில் சொல்பவர், பல ஆண்டுகள் விடைத்தாள் திருத்தி ஓய்வுபெற்ற தமிழாசிரியர்.

ஐயா, கைடில் இருக்கிற எல்லாக் கட்டுரையையும் மனப்பாடம் செய்துவிட்டால் போதுமா? (மாணவன், தருமபுரி)

போதாது தம்பி. முன்னுரையிலிருந்து முடிவுரை வரை என்னென்ன எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே குறிப்பு கொடுத்துவிடுகிறார்கள். நீ உருப்போட்ட உட்தலைப்புகள் அதோடு பொருந்தவில்லை என்றால் பாதியில் முழிப்பாய். திருத்துகிறவர் பக்கமும் யோசித்துப் பார். ஒரு விடைத்தாள் கட்டுக்குள் அடுத்தடுத்து அதே கட்டுரை வந்தால், அடுத்த வரி என்னவென்று அவருக்குப் படிக்காமலே தெரியும்.

தலைப்புகள் எப்படிச் சுற்றினாலும் நீர் - சுற்றுச்சூழல், தொழில்நுட்பம், பெண்கல்வி, உடல்நலம் - சாலைப் பாதுகாப்பு என்ற நாலு வட்டத்துக்குள்தான் பெரும்பாலும் வரும். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு உறுதியான செய்தி கையில் இருந்தால் போதும். பாதிச் சரக்கு உன் பாடநூலிலேயே கிடக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்குத் தனிப் பாடம் உண்டு. காற்று தன் கதையைச் சொல்லும் 'கேட்கிறதா என் குரல்!' உண்டு. ஒன்பதாம் வகுப்பில் தண்ணீரைப் பற்றிப் படித்தாயே, அதையும் தூசி தட்டு.

என் மகன் பேப்பரே படிப்பதில்லை. அவனை என்ன குறிப்பெடுக்கச் சொல்வது? (ஒரு தாய், ஈரோடு)

முழுப் பேப்பரும் வேண்டாம் அம்மா. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். ஒரு செய்திக்கு ஆண்டு, இடம், என்ன நடந்தது என்று ஒரே வரி எழுதினால் போதும். இப்படி:

2003 – தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயம்.
2015 டிசம்பர் – சென்னையில் பெருவெள்ளம்.
2019 ஜூலை – அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர்.
2022 – சென்னைப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு ராம்சார் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம்) அங்கீகாரம்.

இந்த நாலு வரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளத்தில் மிதந்த ஊர் நாலே ஆண்டில் ரயில் தண்ணீருக்குக் காத்திருந்தது ஏன்? பெய்த மழையைத் தேக்கவும் நிலத்துக்குள் இறக்கவும் இடம் குறைந்துபோனதைப் பற்றி அவனே எழுத ஆரம்பித்துவிடுவான். நீர் மேலாண்மை, நகரமயமாதல், பேரிடர் என்று மூன்று தலைப்புக்கு இதே வரிகள் உதவும்.

நெகிழி ஒழிப்புக்கு நான் எழுதிய முன்னுரை: "இன்றைய நவீன உலகில் நெகிழி மனித வாழ்வின் இன்றியமையாத அங்கமாகிவிட்டது. அதன் தீமைகளை இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்." நன்றாக இருக்கிறதா ஐயா? (மாணவி, திண்டுக்கல்)

பிழை இல்லை பாப்பா. ஆனால் 'நெகிழி'யை எடுத்துவிட்டு 'கைபேசி' என்று போட்டாலும் அப்படியே பொருந்துகிறதே! தலைப்பை மாற்றினாலும் ஒட்டிக்கொள்கிற முன்னுரை எந்தத் தலைப்புக்கும் உரியதல்ல. இப்படி எழுதிப் பார்: "மழைக்கு முன் எங்கள் தெருச் சாக்கடையைத் தூர்வாரினார்கள். கரையில் குவிந்ததில் மண்ணைவிடத் தேநீர்க் குவளைகளும் கைப்பைகளும்தான் அதிகம். இரண்டுமே 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டவை." தடை இருந்தும் பொருள் ஏன் வருகிறது என்ற கேள்வி தானாகவே எழுகிறது இல்லையா? கட்டுரையை அங்கிருந்து நகர்த்து. உன் தெருவில் நிஜமாகப் பார்த்ததை எழுது, என் சாக்கடையைக் காப்பியடிக்காதே.

அரசைக் குறை சொல்லி எழுதினால் மதிப்பெண் குறையுமா? (மாணவன், விருதுநகர்)

காரணத்தோடு சொன்னால் குறையக் காரணமில்லை. கட்சிப் பெயரும் தலைவர் பெயரும் வேண்டாம், அவ்வளவுதான். திட்டத்தை எடுத்து அது என்ன செய்கிறது, எங்கே போதவில்லை என்று எழுது. அரசுப் பள்ளியில் படித்த மாணவி கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. பணம் கிடைக்கிறது, சரி. கடைசிப் பேருந்து ஆறு மணிக்கே போய்விடுகிற கிராமத்துப் பெண்ணுக்கு வேறு என்ன வேண்டும்? இப்படிக் கேட்டால் அது குறைகூறல் ஆகாது.

புள்ளிவிவரம் ஞாபகம் வராவிட்டால் தோராயமாகப் போடலாமா?

கூடாது. "90 சதவீத மக்கள்" என்று கட்டுரைக்குக் கட்டுரை வருகிறார்கள், எங்கே எண்ணினார்களோ! 'பலர்' என்று எழுதிவிட்டுப் போ.

சாட்ஜிபிடியிடம் கட்டுரை வாங்கிப் படிக்கலாமா ஐயா? (மாணவி, திருவாரூர்)

அதனிடம் கட்டுரை கேட்காதே, கேள்வி கேட்கச் சொல். நீ எழுதியதைக் கொடுத்து "இதில் எதற்கு ஆதாரம் இல்லை?" என்று கேட்டால் உருப்படியான பதில் வரும். மேற்கோள் மட்டும் அதனிடம் வாங்கவே வாங்காதே. இல்லாத குறளை வள்ளுவர் தலையில் கட்டிவிடும். தண்ணீர்க் கட்டுரைக்கு எல்லாரும் "நீர்இன்று அமையாது உலகெனின்" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். "வான்இன்று அமையாது ஒழுக்கு" என்று முடிகிற குறள் அது. மழை பொய்த்தால் ஒழுக்கமே நிலைக்காது என்கிறார். தண்ணீர்ச் சண்டையைப் பற்றி எழுதும் பத்தியில் அந்த அடியை வைத்துப் பார்.

எத்தனை பக்கம் எழுத வேண்டும், எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? (மாணவன், கரூர்)

100 மதிப்பெண்ணுக்கு மூன்று மணி நேரம் என்றால் எட்டுக்குப் பதினாலு நிமிடம் வருகிறது. குறுவினாவில் கொஞ்சம் மிச்சம் பிடித்து இருபதாக்கிக்கொள். இரண்டரைப் பக்கம் தாராளம். எழுதுவதற்கு முன்பே, வினாத்தாள் படிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தில் கட்டுரைக் குறிப்புகளைத்தான் முதலில் பார். ஒவ்வொன்றுக்கும் உன் நோட்டில் எந்த வரி என்று மனசுக்குள் குறித்துக்கொள். கடைசியில் இரண்டு நிமிடம் இருந்தால் ஒற்றுப்பிழை பார்; அடிக்கோடு போடுவதெல்லாம் அதற்கு அப்புறம்.