கல்லாவும் கொடியும்

கடிதம்:

வணக்கம் ஐயா. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். போன தேர்தலில் கட்சிக்காரர்கள் சிலர் வந்து கடை அஞ்சடியில் (கடை முன்னால் உள்ள நடைபாதையில்) கொடி கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். எனக்கும் பிடித்த கட்சிதான், சரி என்றேன். ஒரே வாரத்தில் தோட்டத்து வாடிக்கையாளர்களில் நாலைந்து குடும்பங்கள் வேறு கடைக்குப் போய்விட்டன. "எல்லாக் கட்சிக்கும் கொஞ்சம் நன்கொடை கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் இருங்கள், அதுதான் வியாபாரிக்கு அழகு" என்கிறார் மனைவி. வியாபாரி அரசியலில் இறங்கலாமா, கூடாதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

இறங்கலாம். வரி கட்டுகிறீர்கள், லைசென்சுக்காக நகராண்மைக் கழகத்துக்கு அலைகிறீர்கள். கடை வைத்திருக்கிறார் என்பதற்காக ஒருவர் ஊர் விஷயத்தில் ஊமையாக இருக்க வேண்டியதில்லை.

உங்கள் மனைவி சொல்லும் வழியில்தான் நம் முதலாளிகள் பலரும் போகிறார்கள். எனக்குப் பயம் அதில்தான் அதிகம். உங்கள் கொடியை எல்லோரும் பார்த்தார்கள், பிடிக்காதவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். அது அவர்களுடைய அரசியல். அதற்கு அவர்களுக்கு முழு உரிமை உண்டு. உறைக்குள் போகும் பணத்தை யார் பார்க்கிறார்கள்? வேட்பாளர் நாடாளுமன்றத் தொகுதியில் 2 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மேலும் சட்டமன்றத் தொகுதியில் 1 லட்சத்துக்கு மேலும் செலவழிக்கக் கூடாது என்று 1954 தேர்தல் குற்றச் சட்டம் வரம்பு வைத்தது. கட்சிக்கு யார் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்கத் தனிச்சட்டம் இல்லாமலேயே இத்தனை தேர்தல்களைக் கடந்து வந்துவிட்டோம். 2015-இல் அப்போதைய பிரதமரின் சொந்த வங்கிக் கணக்குக்கு 260 கோடி வெள்ளி போன செய்தி வெளியானபோது, அதையும் நன்கொடை என்றுதான் சொன்னார்கள். உங்கள் ஐந்நூறு வெள்ளியை நான் அதோடு சேர்க்கவில்லை. ஆனால் எல்லாக் கட்சிக்கும் கொடுப்பவர் கொள்கைக்காகக் கொடுப்பதில்லை. யார் வென்றாலும் தன் காரியம் நடக்க வேண்டும் என்று கொடுக்கிறார். அதில் அடிபடுவது, கொடுக்கக் காசில்லாத ஒட்டுக்கடைக்காரர்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் கடையிலும் 555 புத்தகம் இருக்கும்தானே? சம்பளம் வரும்வரை அரிசியும் பால்மாவும் கடனுக்கு வாங்குகிறவர்களின் கணக்கு. அதில் பெயர் உள்ளவர் உங்களிடம் "முடியாது" என்று சொல்ல மாட்டார். கல்லாவில் உட்கார்ந்தபடி "இந்த முறை யாருக்கு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாலும் அவருக்கு வயிற்றைக் கலக்கும். உங்களிடம் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஓட்டுப்போடத் தொழிலாளிக்கு நேரம் கொடுக்க வேண்டும், மிரட்டி ஓட்டு வாங்குவது குற்றம் என்று நான் மேலே சொன்ன தேர்தல் குற்றச் சட்டமே சொல்கிறது. ஆனால் கல்லாவிலிருந்து வரும் அந்தச் சிரிப்பைச் சட்டத்தால் பிடிக்க முடியாது. நீங்கள்தான் அடக்கிக்கொள்ள வேண்டும்.

தோட்டத்திலிருந்து வந்த நமக்கு இது தெரியாததல்ல. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் சம்பள உயர்வு மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். உறவினரும் நண்பர்களும் தடையில்லாமல் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்றார்கள். வேலையும் வீடும் பாதையும் ஒரே முதலாளி கையில் இருந்ததால், தன் வீட்டுக்கு விருந்தாளி வருவதைக்கூட மனிதன் கோரிக்கையாக எழுதிக் கேட்க வேண்டியிருந்தது.

முதலாளி வீட்டுப் பிள்ளை அரசியலுக்கு வந்து நன்மை செய்ததையும் நம் ஊர் பார்த்திருக்கிறது. ம.இ.கா. (மலேசிய இந்தியக் காங்கிரஸ்) தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தனின் அப்பா இங்கே ரப்பர் தோட்டம் வைத்திருந்தவர். பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, பால்மரம் சீவிய குடும்பங்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்து நின்றன. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளர்களிடமே பங்குப்பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்க வைத்தார். நிலம் வாங்கி விற்கும் கணக்கு அவர் வீட்டிலேயே பழகியது. அந்த அறிவைத் தொழிலாளியின் பக்கம் கொண்டுபோய் வைத்தார். முதலாளிகள் அரசியலுக்கு வரட்டும் என்று நான் சொல்வதற்கு அவர்தான் காரணம்.

1982-இல் ம.இ.கா. கட்சி தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்ஸ் வந்தபோதும் அதே நம்பிக்கையில்தான் நம் மக்கள் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள். 60,000-க்கும் அதிகமான பங்குதாரர்கள், 10 கோடி வெள்ளிக்கு மேல் பணம். கட்சியும் கம்பெனியும் பின்னிக் கிடந்ததால், கம்பெனிக் கணக்கைக் கேட்பதே கட்சியை எதிர்ப்பதாக ஆகிவிட்டது. கடைசியில் 2010-இல், ஒரு பங்குக்கு 80 சென், அதாவது ஒரு வெள்ளிகூட இல்லாத தொகை, தருவதாக ஒரு தனியார் நிறுவனம் வந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

கிளைக் கூட்டத்துக்குப் போங்கள், மேடை ஏறுங்கள், உங்கள் பெயரில் பேசுங்கள். கடைக்குள் மட்டும் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். போன குடும்பங்கள் திரும்பி வந்தால் பழையபடி கடன் கொடுங்கள், ஏன் போனீர்கள் என்று கேட்க வேண்டாம். மனைவியின் பயம் நியாயமானது. வியாபாரம் குறைந்தால் வீட்டுச் செலவைச் சமாளிக்கப் போவது அவரும்தான். அவரையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுங்கள். நன்கொடை கொடுப்பதென்றால் உங்களுக்குப் பிடித்த கட்சிக்கு மட்டும், சொந்தப் பெயரில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது தரத் தயங்கினால் கொடுக்க வேண்டாம்.