அலமாரி உச்சியில் ஒரு புத்தகம்

கேள்வி: என் மகளுக்கு 20 மாதம் ஆகிறது. இதுவரை 11 வார்த்தைகள்தான். நாத்தனார் மகன் இந்த வயதில் வாக்கியமாகவே பேசினான். தினமும் படக்கார்டு காட்டுகிறேன், புது வார்த்தை வந்தால் நோட்டில் தேதி போட்டு எழுதுகிறேன். (நாயைப் பார்த்து ‘பௌ’ என்பாள், அதைச் சேர்க்கவில்லை.) போன வாரம் கணவர் காரை எடுக்க, மிருகக்காட்சிச் சாலைக்குப் போனோம். யானை முன்னால் நிறுத்தி “யானை சொல்லு, யானை சொல்லு” என்று வீடியோ எடுத்தேன். அவளோ புல்லுக்குத் தண்ணீர் விடும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் தினமும் ஒரே கிழிந்த புத்தகத்தைக் காட்டுவார், எழுதியிருப்பதைப் படிக்காமல் சும்மா பேசிக்கொண்டிருப்பார். அதை அலமாரி மேல் எடுத்து வைத்துவிட்டேன். இவளைப் பேசவைக்க இன்னும் என்னதான் செய்வது?

பதில்: மூன்று பக்கக் கடிதத்தில் படக்கார்டுக்கு ஒரு பக்கம், யானைக்கு ஒரு பக்கம், அலமாரிக்கு அரை வரி. எனக்கு அந்த அரை வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. பிள்ளை பேசவில்லையே என்று புலம்புகிற நீங்கள், அந்த வீட்டில் அவளோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த ஒரே ஆளின் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கியிருக்கிறீர்கள்.

ஒரே புத்தகம் உங்களுக்குத்தான் சலிப்பு. அடுத்த பக்கத்தில் நாய் வரும் என்று அவளுக்குத் தெரியும். பக்கம் திரும்பும் முன்பே விரல் நீண்டுவிடும், உதடு குவிந்துவிடும். அந்த இடத்தில் பெரியவர் அரை நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வார்த்தையைக் குழந்தையே போடும். தினம் ஒரு புதுப் புத்தகத்தை நீட்டினால் எதைப் பிடித்துக்கொள்வது என்றே தெரியாமல் முழிக்கும்.

“எழுதியிருப்பதைப் படிக்காமல்” என்று குறையாக எழுதியிருக்கிறீர்களே, அதையும் கேளுங்கள். 1988இல் குரோவர் வைட்ஹர்ஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சில பெற்றோரை வழக்கம்போல் படித்துக் காட்டச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு, படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பதும், காத்திருப்பதும், குழந்தை சொன்னதோடு ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்வதும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே மாதத்தில் இரண்டாவது கூட்டத்துப் பிள்ளைகள் பேச்சில் முந்திவிட்டார்கள். இதை உரையாடல் வாசிப்பு என்கிறார்கள். உங்கள் மாமியார் பெயர் தெரியாமல் செய்துகொண்டிருந்ததும் கிட்டத்தட்ட இதுதான். மாமியார் மருமகள் விஷயத்தில் நான் பொதுவாகத் தலையிடுவதில்லை. இதில் தலையிடுகிறேன். பேத்தியோடு பேசுவதற்குப் பாட்டி யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கூப்பிட்டு, “தப்பு பண்ணிட்டேன் அத்தை” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள்.

அப்புறம் அந்த நோட்டு. நாய்க்கு எப்போதும் ‘பௌ’ என்றால் அது வார்த்தைதான். உங்களுக்குப் பிடித்த வார்த்தையாக இல்லை, அவ்வளவே. கணக்கு வேண்டுமென்றால் சரியான கணக்கைப் பாருங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலில், 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று வார்த்தையாவது சொல்ல முயல வேண்டும். இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்க்க வேண்டும், புத்தகத்தில் “நாய் எங்கே?” என்றால் காட்ட வேண்டும். நாத்தனார் மகன் அந்தப் பட்டியலில் இல்லை.

கேட்க வேண்டியதை நீங்கள் கேட்கவே இல்லை. கூப்பிட்டால் திரும்புகிறாளா? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறாளா? சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை எதையாவது விட்டுவிட்டாளா? இதில் ஒன்று இடறினாலும் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள், காது கேட்கும் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு வயதாகியும் ‘அம்மா வா’ மாதிரி ஒன்றும் வராவிட்டாலும் அப்படித்தான்.

மிருகக்காட்சிச் சாலைக்கு வருகிறேன். குழாயையே பார்த்தாளே, அப்போது யாராவது “தண்ணி! பாரு, தண்ணி பீச்சி அடிக்குது” என்று சொன்னீர்களா? குழந்தையின் கண் எங்கே நிற்கிறதோ அதன் பெயரை அந்த நொடியில் சொன்னால்தான் ஒட்டும். யானைக்கு முன்னால் நிறுத்தித் தாடையைத் திருப்பி, கண்ணுக்கு நேரே போனை நீட்டினால் எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? எனக்கே வராது. அன்றைக்கு உங்களுக்கு ஒரு வார்த்தை சும்மா கிடைத்திருக்கும், யானை ஆசையில் விட்டுவிட்டீர்கள். அடுத்த முறை அவ்வளவு தூரம் போக வேண்டாம். தெருமுனை வரை நடத்திக் கூட்டிப்போங்கள். எறும்புக்கு நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

இன்னொன்று. மூன்று பக்கத்திலும் உங்கள் கணவர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், கார் ஓட்டிக்கொண்டு. பெற்றவருக்கு அது போதாது. புத்தகம் கிழிந்திருக்கிறது என்றீர்கள் அல்லவா, அதை ஒட்டும் வேலையை அவரிடம் கொடுங்கள். தரையில் உட்கார்ந்து ஒட்டட்டும். டேப்பைப் பிடித்துக்கொள்ள மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, நீங்கள் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.