நூறு நாள் வேலை: யாருக்கு என்ன கடமை? கேள்வி பதில்

நூறு நாள் வேலை பற்றி இங்கே சொல்வதெல்லாம் 2005 வேலை உறுதிச் சட்டத்தில் இருந்தபடி. அதற்கு மாற்றாக 2025 டிசம்பரில் புதுச் சட்டம் நிறைவேறியது.

ஊத்தங்கரை: வேலை கேட்டு ரெண்டு மாசம் ஆச்சு, கூப்பிடவே இல்லை. வேலையின்மைப் படி கிடைக்குமா அண்ணா?

வாயால் மட்டும் கேட்டிருந்தால் கேட்டதை நிரூபிக்க முடியாது அம்மா. படிவம் 6-இல் குறைந்தது 14 நாள் தொடர் வேலை என்று எழுதி, ஊராட்சியிலோ பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸிலோ கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்க. 15 நாளில் வேலை தராவிட்டால் முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்காவது, அதன்பின் பாதியாவது படியாகத் தரணும். கூலி மத்திய அரசின் பணம். படியோ மாநில அரசின் தலையில் விழும். ரசீது எழுத யாருக்கும் கை வராததற்கு இதுவே காரணம். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரமா வைங்க.

பென்னாகரம்: பத்து நாள் போகலை. நூறு நாள் வேலை கார்டையே ரத்து பண்ணுவோம்னு மிரட்டுறாங்க.

அதற்காக ரத்து செய்ய முடியாது. 9-ஆம் பிரிவுப்படி, சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் வராதவருக்கு மூன்று மாதம் படி கிடையாது, அவ்வளவுதான். வேலை எப்போதும் கேட்கலாம். ரசீதோடு கேளுங்க.

பாலக்கோடு: தக்காளி பறிக்க ஆளே இல்லை. நூறு நாள் கூலி வாங்குறவங்களுக்குக் கடமையே கிடையாதா?

நிச்சயம் உண்டு ஐயா. ஆஸ்திரேலியாவில் இதைப் ‘பரஸ்பரக் கடமை’ என்பார்கள். 1997-இல் அங்கே பிரதமர் ஜான் ஹோவர்ட் அரசு, உதவித்தொகை வாங்குவோர் வேலையும் செய்யணும் என்று சட்டம் கொண்டுவந்தது. அங்கே உதவித்தொகைமேல் நிபந்தனை ஏறுகிறது. குறித்த சந்திப்புக்கு வராவிட்டால் பணம் நிற்கும். இங்கே வேலைக்குத்தான் கூலி. வெட்டிய குழியின் நீளம், அகலம், ஆழம் குறைந்தால் கூலியும் குறையும். வாங்குபவரின் கடமை அந்த அளவிலேயே அடங்கிவிட்டது. மிச்சமிருப்பது கொடுப்பவரின் கடமை: கூலி தாமதமானால், வருகைப் பதிவேட்டை முடித்த 16-ஆம் நாளுக்குப் பிறகு தினம் 0.05 சதவீதம் இழப்பீடு, அதாவது ஆயிரத்துக்கு 50 காசு. வேலை 5 கிலோமீட்டர் தாண்டினால் 10 சதவீதம் கூடுதல். இந்தப் பக்கத்தை யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பாலக்கோடு, மறுபடி: அப்போ பறிப்புக் காலத்தில் நிறுத்தலாமே?

எந்த வேலை, எப்போது என்பதைக் கிராம சபையில் பேசுங்க, அதற்கு இடம் உண்டு. ஆனால் எழுதிக் கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. தோட்டத்தில் கூலி கூடினால் ஆள் தானாக வரும். நூறு நாள் வேலையில் தரையில் உட்கார்ந்திருப்பவர் சோம்பேறி என்ற ஊர்ப் பேச்சை இதோடு விடுவோம். அறுபது வயதுக்காரர் உச்சி வெயிலில் மண் சுமந்துவிட்டு உட்காருகிறார்.

அரூர்: எனக்கும் படி வரலை அண்ணா...

ஊத்தங்கரைக்கு எழுதியதைப் படிங்க. ரசீது.

காரிமங்கலம்: படிக்கு எங்கே மனு கொடுக்கணும்?

ரசீது இருக்கா? இருந்தால் நகலோடு பி.டி.ஓ.விடம்.

ஓசூர்: மகளிர் உரிமைத்தொகைக்கு இப்படிக் கடமை ஏதும் உண்டா?

கிடையாது. 2023 ஜூலையில் தொப்பூரில் விண்ணப்ப முகாம் தொடங்கியபோதே தகுதி மட்டும்தான் பார்த்தார்கள்: ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள். மனு தள்ளுபடியானால் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு.