பேஜார், கடுப்பு, காண்டு: மூன்றும் ஒன்றா?

கேள்வி: வட சென்னையில் எரிச்சல் வந்தால் பேஜார், கடுப்பு, காண்டு என்கிறார்களே, இவற்றுக்கு என்ன வித்தியாசம்? எங்கிருந்து வந்த சொற்கள்?

போன மாதம் கொருக்குப்பேட்டைப் பக்கம் ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தேன். ரயில்வே கேட் மூடியது. “பேஜாருப்பா” என்று இன்ஜினை அணைத்தார் டிரைவர். ஒரு கூட்ஸ் வண்டி ஊர்ந்து போனது. கேட் திறக்கவில்லை, எதிர்ப்பக்கம் இன்னொன்று வந்தது. “கடுப்பேத்துறானுங்க.” அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு பைக்காரன் விடாமல் ஆரன் அடிக்க, இவர் இறங்கிப் போனார். “டேய் கஸ்மாலம், கேட்டு மூடிகீது தெரில? மேல பறக்கவா?” அதுதான் காண்டு.

பேஜார் கோபமே இல்லை, சலிப்பு. பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்த சொல், அங்கேயும் அலுத்துப்போன நிலைதான் பொருள். அந்த மொழிகளில் இதன் நடுவில் வரும் ‘z’ ஒலி நம் வாயில் ‘ஜ’ ஆகிவிடும். ஜமீன், பஜார் எல்லாம் அப்படி வந்தவைதான். அழுக்கைச் சொல்லும் கலீஜும் அதே வழி.

கடுப்பு சுத்தத் தமிழ். தேள் கொட்டிய இடம் கடுக்கும், நின்று நின்று கால் கடுக்கும், வெயில் காலத்தில் நீர்க்கடுப்பு வரும். உடம்பில் இருந்த அந்த வலி மனசுக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

காண்டுக்கு எப்போதும் ஓர் ஆள் வேண்டும். “என் மேல இன்னா காண்டு உனக்கு?” என்று கேட்கலாம். “என் மேல இன்னா பேஜார்?” என்று யாரும் கேட்பதில்லை. காண்டில் கொஞ்சம் வன்மம் உண்டு, மறுநாளும் இருக்கும். காண்டாமிருகத்திலிருந்து வந்தது என்று எங்கள் டீக்கடையில் ஒருவர் சத்தியம் செய்வார். சிரித்துவிட்டு டீயைக் குடிக்கலாம்.

அப்புறம் அந்தக் கஸ்மாலம்? சமஸ்கிருத ‘கச்மலம்’தான். கீதையில், இரண்டாம் அத்தியாயத்தின் 2ஆம் சுலோகத்தில், சோர்ந்து உட்கார்ந்த அர்ஜுனனிடம் கண்ணன் சொல்லும் சொல். பைக்காரனுக்கு அது தெரிந்திருக்காது, டிரைவருக்கும்தான்.

மின்ட்டில் இறங்கி 500 ரூபாய்த் தாளை நீட்டினேன். “இன்னா சார், காலைலயே பேஜார் பண்றியே” என்றார். காண்டாகவில்லை. பக்கத்துக் கடையில் நானே சில்லறை மாற்றிக் கொடுத்தேன்.