தீப்பொறி பறந்த பின் வெட்டு வளைவது ஏன்?

கேள்வி: வளவின் எல்லையில் நின்ற இரண்டு பனைகளை உரிய அனுமதி பெற்றுத் தறித்தோம். இரண்டாவது மரத்தின் பாதியில் தீப்பொறி பறந்தது. அதன் பின்னர் எனது செயின் சோ (சங்கிலி வாள்) மரத்தைச் சீவாமல் மாவாகத் தள்ளுகிறது. வெட்டும் வலப்பக்கமாக வளைகிறது. அழுத்தினால் வாள் துள்ளுகிறது. சங்கிலி சுற்றியோடும் நீள் தகடான பாரை மாற்ற வேண்டுமா?
– வாசகர் ஒருவர், கொடிகாமம்

பதில்: பாருக்குக் காசு செலவழிக்க முன்னர் சங்கிலியைப் பாருங்கள். எங்கள் பகுதியின் எல்லை மரங்களில் வேலிக்கு அறைந்த ஆணியும் முட்கம்பியும் மட்டுமன்றி, போர்க்காலத்துச் செல் துண்டுகளும் புதைந்து கிடக்கின்றன. பனையில் பட்ட காயம் மூடி வளர்வதில்லை என்பதால், தறிக்க முன்னர் மரத்தைச் சுற்றிவந்து பார்த்தால் துளை பெரும்பாலும் கண்ணில் படும். வேம்பிலும் பூவரசிலும் பட்டை வளர்ந்து அதை மறைத்துவிடும்.

இரும்பில் மோதியபோது உங்கள் சங்கிலியின் இடப்பக்கப் பற்கள் மழுங்கியிருக்க வேண்டும். கூர் மிஞ்சிய பக்கத்துக்கே வெட்டு இழுபடும். எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, கையுறை அணிந்துகொண்டு, மிக மோசமாகச் சேதமான பல்லைத் தேடுங்கள். சேதம் முழுவதும் நீங்கும்வரை அதை ராவி, ஏனைய எல்லாப் பற்களையும் அதே நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். சங்கிலியின் அளவுக்குரிய வட்ட அரத்தால், பெரும்பாலான சங்கிலிகளுக்கு 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளிப்புறமாக மட்டுமே தள்ளி ராவுங்கள். பற்களைக் கூராக்கும் பலர் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு மேட்டை மறந்துவிடுகிறார்கள். அது பல்லின் நுனியைவிட ஏறத்தாழ 0.65 மில்லிமீற்றர் தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் கூரான பல்லும் மாவையே தள்ளும், அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்தால் சங்கிலி மரத்தைக் கவ்வி வாளை உலுக்கும். இவ்வளவும் செய்த பின்னரும் வெட்டு வளைந்தால், பாரைக் கழற்றி ஒரு சமமான மாபிள் மீது அதன் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் தண்டவாளங்கள், அதாவது சங்கிலி ஓடும் இரு விளிம்புகள், ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்துள்ளன. அப்போதுதான் மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

வாள் துள்ளுவதை மட்டும் சிறிதாக எண்ண வேண்டாம். பனையின் கறுத்த வைரத்தில் மழுங்கிய சங்கிலியை உடல் பாரத்தால் அழுத்தும்போது, அது திடீரென உள்ளேயுள்ள மென்மையான சோற்றுக்குள் இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் பாரின் நுனியின் மேற்பகுதி எதிலாவது பட்டால், நீங்கள் உணர்வதற்குள் வாள் முகத்தை நோக்கி எழும்பும். ஆகவே சங்கிலியை உடனே நிறுத்தும் முன் பிறேக் வேலை செய்கிறதா என்பதை ஒவ்வொரு நாளும் சோதித்து, இடது பெருவிரல் முன்கைபிடியைச் சுற்றியிருக்குமாறு பிடியுங்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்புக் காலுடன் இந்த வேலையில் இறங்குவதை நான் எங்கள் ஊரில் பலமுறை கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: கராஜில் கிடைக்கும் எரிந்த ஒயிலைச் சங்கிலிக்கு விடலாமா?
– வாசகி ஒருவர், சாவகச்சேரி

பதில்: கூடாது. அதிலுள்ள உலோகத் துகள்கள் ஒயில் பம்பையும் பாரையும் தேய்க்கும். தோலுக்கும் அது கேடு. சங்கிலிக்குரிய ஒயிலையே ஊற்றி, வெட்டத் தொடங்க முன்னர் பாரின் நுனியை ஒரு வெளிர்நிறக் கட்டைக்குச் சற்று மேலே, படாமல் பிடித்து எஞ்சினை முடுக்குங்கள். கட்டையில் மெல்லிய ஒயில் கோடு விழாவிட்டால் ஒயில் துவாரம் அடைபட்டுள்ளது. அதைத் துப்புரவாக்கிய பின்னரே வேலையைத் தொடங்குங்கள்.