ஷட்டவுன் வேலைக்குப் போகும் மகன் கேட்க வேண்டியவை

மதிப்பிற்குரிய அம்மா,

டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த தங்கள் மகனுக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்றின் ஷட்டவுன் பணியில் (பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் வேலை) ஒப்பந்தக்காரர் வழியாக ‘ஹோல் வாட்ச்’ வேலை கிடைத்திருப்பதாகவும், அது தொட்டிக்குள் இறங்கும் வேலை என்று உறவினர் சொன்னதிலிருந்து தாங்கள் தூக்கமின்றித் தவிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஹோல் வாட்ச் என்பவர் உள்ளே இறங்குபவர் அல்லர். அவர் மேன்ஹோல் எனப்படும் ஆள்நுழை துளையின் வாயிலில் நின்று, யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியே வந்தார் என்று பதிவேட்டில் குறித்து, உள்ளே இருப்பவர்களோடு இடைவிடாமல் பேசிக்கொண்டிருந்து, ஆபத்து என்றால் மீட்புக் குழுவை அழைப்பவர். உள்ளே ஆள் இருக்கும்வரை, மாற்று ஆள் வராமல் தேநீர் குடிக்கக்கூட அவர் நகரக் கூடாது.

ஆயினும் தங்கள் அச்சம் வீணானதன்று. காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கிறது, அது 19.5-க்குக் கீழே இறங்கினால், சுவாசக் கருவியின்றி யாரும் உள்ளே போகக் கூடாது. நைட்ரஜன் நிரப்பிய கலனில் நிறமும் இல்லை, மணமும் இல்லை, மூச்சுத் திணறல்கூடத் தோன்றாது. ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டைபோல நாறும் என்பது உண்மைதான்; ஆனால் பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கை எட்டினால் அது மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடுவதால், நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குவது உயிரைப் பறிக்கும்.

அமெரிக்காவின் டெலவேர் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் 2005 நவம்பரில், நைட்ரஜன் நிரம்பிய ரியாக்டர் என்னும் வேதிவினைக் கலனுக்குள் கிடந்த ஒரு டேப் சுருளை எடுக்க முயன்ற ஒப்பந்தத் தொழிலாளர் உள்ளே மயங்கி விழ, அவரைக் காப்பாற்ற ஏணியை இறக்கிக்கொண்டு உள்ளே போன சக தொழிலாளரும் உயிரிழந்தார். தங்கள் மகனைக் குறித்து நான் கவலைப்படுவது இந்த இரண்டாவது மரணத்தை எண்ணித்தான். கூட வேலை செய்பவர் கண்ணெதிரே விழும்போது, நல்ல மனம் படைத்த இளைஞனுக்குக் கால் தானாகவே உள்ளே போகும். எது நடந்தாலும் தான் உள்ளே இறங்குவதில்லை என்று அவர் வேலையில் சேருவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்; தாங்களும் அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அடுத்து, ஒப்பந்தக்காரரிடம் தங்கள் மகனே நேரில் கேட்கட்டும். பயிற்சி உண்டா? குழாய்களை வால்வை மூடி மட்டும் விடுகிறார்களா, பிளைண்ட் எனப்படும் இரும்புத் தகட்டை இடையில் போட்டு அடைக்கிறார்களா? கலனின் மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் கேஸ் டெஸ்ட் எடுத்து, இடைவேளைக்குப் பின் மறுபடியும் எடுக்கிறார்களா? தகுதியுள்ளவர் சோதித்துத் தரும் எழுத்துச் சான்று, அல்லது சுவாசக் கருவியோடு மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறு கட்டிய பெல்ட் என்ற இந்த ஏற்பாடு புதிதன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆம் பிரிவே அதை வகுத்திருந்தது. உள்ளே கொண்டுபோகும் கைவிளக்கு 24 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதும் அச்சட்டத்தில் இருந்தது. இவற்றுக்கு ‘பார்த்துக்கொள்ளலாம் தம்பி’ என்பதுதான் பதிலென்றால், சம்பளம் எவ்வளவானாலும் அந்த வேலை வேண்டாம்.

நேரான பதில் கிடைத்தால் தயங்காமல் அனுப்புங்கள். பின்னாளில் பாதுகாப்பு அலுவலர் ஆவதற்கான தொழிலகப் பாதுகாப்புப் பட்டயப் படிப்பைச் சென்னையிலுள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனம் (Regional Labour Institute) நடத்துகிறது. அதற்குப் பணி அனுபவம் கேட்கப்படும் என்பதால், ஒவ்வொரு ஷட்டவுன் முடிந்ததும் பயிற்சிச் சான்றிதழையும் அனுபவக் கடிதத்தையும் கையோடு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.